சிறு நிறுவனத்துக்கு ஏற்ற வன்பொருள் கண்காணிப்பு மென்பொருள்: தேர்வு வழிகாட்டி

கணினியின் உள்ளே இருக்கும் சென்சார்கள் தரும் அளவுகளைத் தொடர்ந்து படித்து, வரம்பு மீறும்போது பொறுப்பாளருக்குத் தகவல் அனுப்புவதே வன்பொருள் கண்காணிப்பு மென்பொருளின் வேலை. பிராசசரின் வெப்பம், விசிறியின் வேகம், மின்னழுத்தம், ஹார்ட் டிஸ்க்கின் நிலை, யூ.பி.எஸ். பேட்டரியின் இருப்பு ஆகியவை இதில் அடங்கும். பத்து இருபது கணினிகளும் ஒரு சர்வரும் உள்ள அலுவலகத்துக்கு இவை எல்லாம் ஒரே அளவு முக்கியமல்ல. எந்தப் பழுது வந்தால் வேலை நின்றுபோகும், அது நெருங்கும்போது யாருக்குத் தகவல் போக வேண்டும் என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை தெரிந்தால், பாதித் தேர்வு முடிந்துவிடும்.

முதலில் கண்காணிக்க வேண்டியவை

முதலிடம் ஹார்ட் டிஸ்க்குக்கும் எஸ்.எஸ்.டி.க்கும் உரியது. பிராசசர் சூடேறினால் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். மிஞ்சினால் கணினி அணைந்துவிடும். டிஸ்க் பழுதானாலோ கணக்கும் வாடிக்கையாளர் விவரமும் சேர்ந்தே போய்விடும். டிஸ்க்குகள் ‘ஸ்மார்ட்’ என்ற தற்சோதனை முறையில் தங்கள் நிலையைத் தாமே பதிவு செய்கின்றன. மாற்றி ஒதுக்கப்பட்ட செக்டர்களின் எண்ணிக்கை (ஸ்மார்ட் பட்டியலில் எண் 5), படிக்க முடியாமல் காத்திருக்கும் செக்டர்களின் எண்ணிக்கை (எண் 197) ஆகிய இரண்டும் பூஜ்யத்திலிருந்து ஏறத் தொடங்கினால் புதிய டிஸ்க்குக்கு ஏற்பாடு செய்துவிட வேண்டும்.

இந்தச் சோதனைக்கும் எல்லை உண்டு. கூகுள் நிறுவனம் தன் டிஸ்க்குகளை ஆராய்ந்து 2007இல் வெளியிட்ட ஆய்வில், முதல் ஸ்கேன் பிழை தோன்றிய டிஸ்க்குகள், பிழையே இல்லாதவற்றைவிட அடுத்த 60 நாட்களில் பழுதடையும் வாய்ப்பு 39 மடங்கு அதிகம் என்று தெரிந்தது. அதே ஆய்வில், பழுதான டிஸ்க்குகளில் பாதிக்கு மேற்பட்டவை முக்கியமான ஸ்மார்ட் அறிகுறிகள் எதையும் காட்டாமலே பழுதாகியிருந்தன. ஆகவே எந்த மென்பொருளை வாங்கினாலும் பேக்கப் எடுப்பதை விட்டுவிட முடியாது.

அடுத்தது யூ.பி.எஸ். மின்சாரம் நின்று பேட்டரி தீரும் முன் சர்வரை முறையாக அணைப்பதற்கு ‘நெட்வொர்க் யூ.பி.எஸ். டூல்ஸ்’ போன்ற இலவச மென்பொருள்கள் உண்டு. மூன்றாவது சர்வர். டெல் சர்வர்களில் ஐடிராக் என்றும் ஹெச்.பி.இ. சர்வர்களில் ஐலோ என்றும் தனி நிர்வாகச் சிப் இருக்கிறது. இயங்குதளம் முடங்கினாலும், மின் இணைப்பு இருக்கும்வரை அது விசிறி, பவர் சப்ளை, ரெய்டு (பல டிஸ்க்குகளைச் சேர்த்து இயக்கும் அமைப்பு) ஆகியவற்றின் நிலையைச் சொல்லும். ரெய்டு கன்ட்ரோலருக்குப் பின்னால் உள்ள டிஸ்க்குகள் சாதாரணக் கருவிகளின் கண்ணில் படாமல் போகலாம் என்பதால், இந்தச் சிப்பின் தகவலைப் படிக்கும் மென்பொருளே சர்வருக்கு ஏற்றது.

தனிக் கணினிக் கருவிகள்

கிறிஸ்டல் டிஸ்க்இன்ஃபோ, ஹெச்.டபிள்யூ.இன்ஃபோ, லிப்ரே ஹார்ட்வேர் மானிட்டர் ஆகியவை இந்த வகை. நிறுவுவது எளிது, விவரமும் நிறையக் கிடைக்கும். ஆனால் ஒவ்வொரு கணினியிலும் தனித்தனியே உட்கார்ந்து பார்க்க வேண்டும். ஐந்து கணினிக்கு மேல் போனால் அதை யாரும் செய்வதில்லை. உரிமத்தையும் கவனிக்க வேண்டும்: கிறிஸ்டல் டிஸ்க்இன்ஃபோ திறந்த மூல மென்பொருள், ஹெச்.டபிள்யூ.இன்ஃபோவை வணிக நிறுவனத்தில் பயன்படுத்தக் கட்டண உரிமம் தேவை. இந்த வகைக் கருவிகள் பலவும் சென்சாரைப் படிக்கப் பயன்படுத்திவந்த வின்ரிங்0 என்ற டிரைவரை, அதன் பாதுகாப்புக் குறை காரணமாக 2025இல் மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர் தடுக்கத் தொடங்கியது. பழைய பதிப்புகளை நிறுவக் கூடாது என்பதற்கு இது போதுமான காரணம்.

மையக் கண்காணிப்பு

ஓர் இடத்திலிருந்து எல்லாக் கருவிகளையும் பார்ப்பது இந்த வகை. சிறு நிறுவனங்களில் அதிகம் ஒப்பிடப்படுபவை பி.ஆர்.டி.ஜி.யும் சாபிக்ஸும்.

பி.ஆர்.டி.ஜி. ஜெர்மனியின் நியூரம்பர்க்கில் உள்ள பேஸ்லர் நிறுவனத்தின் தயாரிப்பு. வின்டோஸில் இயங்கும், நிறுவிய அன்றே நெட்வொர்க்கில் உள்ள கருவிகளைத் தேடிப் பட்டியலிடும். கட்டணம் சென்சார் கணக்கில் அமைகிறது. அளக்கப்படும் ஒவ்வோர் அம்சமும் ஒரு சென்சார். 100 சென்சார் வரை இலவசம். ஒரு கருவிக்குச் சுமார் 10 சென்சார் செலவாகும் என்று வைத்தால், பத்துக் கருவிகளோடு இலவச எல்லை முடிந்துவிடும். முக்கியமானவற்றை மட்டும் தேர்ந்தால் இதே எல்லைக்குள் இருபது முப்பது கருவிகளையும் அடக்கலாம்.

சாபிக்ஸ் லாட்வியாவில் பிறந்தது. 2001இல் திறந்த மூல மென்பொருளாக வெளிவந்தது. கருவிகளின் எண்ணிக்கைக்கு வரம்பில்லை, உரிமக் கட்டணமும் இல்லை. ஐடிராக், ஐலோ, ஸ்மார்ட் ஆகியவற்றுக்குத் தயார் வார்ப்புருக்கள் உண்டு. ஆனால் அதன் சர்வர் லினக்ஸில் இயங்குவது. டேட்டாபேஸ் ஒன்றும் வேண்டும். லினக்ஸ் தெரிந்தவர் நிறுவனத்தில் இல்லையென்றால், உரிமத்தில் மிச்சமாகும் பணம் நிறுவுபவருக்கும் பராமரிப்பவருக்கும் போய்விடும்.

செக்எம்கே, லிப்ரே என்.எம்.எஸ். ஆகியவையும் இதே வேலையைச் செய்கின்றன. சுவிட்ச், ரவுட்டர் போன்ற நெட்வொர்க் கருவிகள் அதிகமுள்ள இடத்தில் லிப்ரே என்.எம்.எஸ். நன்றாகப் பொருந்தும்.

சந்தா முறைச் சேவைகள்

நின்ஜாஒன், அடேரா போன்றவை இணையம் வழியாகக் கண்காணிப்பதோடு, தொலைவிலிருந்தே கணினியைச் சரிசெய்யவும் அப்டேட் போடவும் உதவுகின்றன. நின்ஜாஒன் கருவிக் கணக்கிலும் அடேரா தொழில்நுட்பப் பணியாளர் கணக்கிலும் கட்டணம் வாங்குகின்றன. பல கிளைகள் உள்ள நிறுவனத்துக்கும், கணினிப் பராமரிப்பை வெளியாரிடம் கொடுத்த நிறுவனத்துக்கும் இது வசதி.

வசதிக்கு ஏற்ற ஆபத்தும் இதில் இருக்கிறது. எல்லாக் கணினிகளின் சாவியும் ஒரே சேவையிடம் போகிறது. 2021 ஜூலையில் கசேயா வி.எஸ்.ஏ. என்ற இத்தகைய மென்பொருளின் குறையைப் பயன்படுத்தி நடந்த ரான்சம்வேர் தாக்குதல், அதைப் பயன்படுத்திய பராமரிப்பு நிறுவனங்களின் வழியாக நூற்றுக்கணக்கான சிறு நிறுவனங்களுக்குப் பரவியது. இரட்டை அடையாளச் சோதனை இல்லாத சேவையை எடுக்கக் கூடாது. உள்ளூர்க் கண்காணிப்பிலும் ஆபத்து உண்டு: கருவிகளின் நிலையை நெட்வொர்க் வழியாகக் கேட்டறியும் எஸ்.என்.எம்.பி. முறையின் 1, 2சி பதிப்புகள் கடவுச்சொல்லை மறைக்காமல் அனுப்புகின்றன. கருவி ஏற்கும் இடங்களில் எல்லாம் மூன்றாம் பதிப்பையே அமைக்க வேண்டும்.

எச்சரிக்கை அமைப்பு

மென்பொருள் நாளுக்கு ஐம்பது மின்னஞ்சல் அனுப்பினால், ஒரு வாரத்துக்குப் பிறகு அவற்றை யாரும் படிக்க மாட்டார்கள். கையோடு செய்ய வேண்டிய வேலை இருந்தால் மட்டுமே எச்சரிக்கை வர வேண்டும்: டிஸ்க் பிழை, ரெய்டு குலைவு, யூ.பி.எஸ். பேட்டரிக்கு மாறுதல், விசிறி நிற்றல், பேக்கப் தவறுதல். மற்றவை வாராந்திர அறிக்கையில் வந்தால் போதும். கண்காணிக்கும் மென்பொருளை, கண்காணிக்கப்படும் அதே சர்வரில் வைக்கக் கூடாது; சர்வர் விழும்போது எச்சரிக்கையும் சேர்ந்து விழும்.

எந்த நிறுவனத்துக்கு எது

ஐந்து கணினி வரை உள்ள இடத்துக்கு, மின்னஞ்சல் எச்சரிக்கை அமைத்த கிறிஸ்டல் டிஸ்க்இன்ஃபோவும் யூ.பி.எஸ்.ஸுடன் வரும் மென்பொருளும் போதும். ஒரு சர்வரும் முப்பது கணினி வரையும் இருந்து, வின்டோஸ் மட்டுமே தெரிந்த பணியாளர் இருந்தால் பி.ஆர்.டி.ஜி. இலவசப் பதிப்பு, லினக்ஸ் தெரிந்தவர் இருந்தால் சாபிக்ஸ். கணினித் துறைப் பணியாளரே இல்லாமல் பல கிளைகள் இருந்தால் சந்தாச் சேவை.

பணம் கட்டும் முன் சோதனைக் காலத்தில் இரண்டு காரியங்களைச் செய்து பார்க்க வேண்டும்: யூ.பி.எஸ்.ஸுக்கு வரும் மின்சாரத்தை நிறுத்துவது, சர்வரின் நெட்வொர்க் கேபிளைக் கழற்றுவது. இரண்டையும் வேலை நேரத்துக்குப் பிறகு செய்ய வேண்டும். ஐந்து நிமிடத்துக்குள் பொறுப்பாளரின் கைபேசிக்குத் தகவல் வராவிட்டால், அமைப்பைத் திருத்தி மறுபடி சோதிக்க வேண்டும். அப்போதும் வராத மென்பொருள், விலை எதுவானாலும், அந்த நிறுவனத்துக்கு உதவாது.