வட்ட மேசைக்கு ஓர் இடம்

லிட்டில் இந்தியாவில் உள்ள கெர்பாவ் சாலையில் பல வண்ணங்கள் தீட்டப்பட்ட சீன மாளிகை ஒன்று இருக்கிறது. மிட்டாய்த் தொழில் செய்த டான் டெங் நியா என்பவருடைய வீடு அது. 1900ஆம் ஆண்டில் கட்டப்பட்டது. அங்கு வருவோர் அதன் முன் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

பழைய கட்டடத்தின் வெளித்தோற்றம் எளிதில் கண்ணைக் கவரும். ஆனால், அதனுள்ளே இன்றைய மக்களுக்கு ஏற்ற இடத்தை அமைப்பது கடினமான வேலை. கடைவீட்டில் சீன உணவகம் அமைப்பதை அதற்கு எடுத்துக்காட்டாகக் கூறலாம். லிட்டில் இந்தியா, சைனாடவுன், கம்போங் கிளாம் ஆகிய வட்டாரங்கள் 1989ஆம் ஆண்டு முதல் பாதுகாக்கப்பட்டு வருகின்றன. அங்குள்ள கடைவீடுகளின் முகப்பு, பக்கச் சுவர்கள், மரப்படிக்கட்டு, வெளிச்சம் தரும் சிறு முற்றம் முதலியவற்றை விருப்பம்போல் இடித்து மாற்ற முடியாது.

சீனர்கள் உணவை நடுவில் வைத்துப் பகிர்ந்து உண்பார்கள். வட்ட மேசையில் அமரும் அனைவருக்கும் நடுவில் உள்ள உணவு ஒரே தூரத்தில் இருக்கும். இப்படிப் பகிர்ந்து உண்ணும்போது நோய் பரவக்கூடாது என்று கருதினார் பினாங்கில் பிறந்த மருத்துவர் வூ லியென் தே. அவர் 1915ஆம் ஆண்டில் சுழலும் தட்டையும் உணவு எடுப்பதற்கான தனிக் கரண்டிகளையும் பரிந்துரைத்தார். இன்று அழகாகத் தோன்றும் சுழல்தட்டுக்குப் பின்னால் உடல்நலம் பற்றிய அக்கறையும் இருந்தது.

பத்துப் பேர் அமரும் வட்ட மேசையின் குறுக்களவு ஏறக்குறைய 1.8 மீட்டர். நாற்காலிகளையும் சேர்த்தால் சுமார் 3 மீட்டர் இடம் வேண்டும். சீனப் புத்தாண்டில் குடும்பத்தினர் எழுந்து நின்று ‘லோ ஹே’ கலக்கும்போது இன்னும் அதிக இடம் தேவைப்படும். கடைவீடோ குறுகலானது. பெரிய மேசைகள் இரண்டை அருகருகே போடுவது கடினம்.

பெரிய மேசைகளை மாடியில் போட்டுவிடலாம் என்று தோன்றும். ஆனால், குடும்ப விருந்துக்குத் தாத்தா பாட்டியும் வருவார்கள். செங்குத்தான மரப்படிகளில் அவர்களால் ஏற முடியுமா? ஆகவே, ஒரு பெரிய மேசையையாவது கீழ்த்தளத்தில், முற்றத்தின் வெளிச்சம் படும் இடத்தில் போடுவது நல்லது. இருவர் அமரும் சிறு மேசைகளை மாடியில் வைக்கலாம்.

ஒலியையும் கவனிக்க வேண்டும். கல்தரையும் வெறும் சுவர்களும் பேச்சொலியை எதிரொலிக்கும். காது சரியாகக் கேட்காத முதியவர்கள் உரையாடலில் கலந்துகொள்ள முடியாமல் ஒதுங்கிவிடுவார்கள். கூரையிலும் சுவரிலும் துணி பதித்த பலகைகளைப் பொருத்தினால் இரைச்சல் குறையும்.

சிவப்பு விளக்குகளையும் டிராகன் ஓவியங்களையும் கடையில் வாங்கி மாட்டிவிடலாம். ஆனால், மூன்று தலைமுறையினர் ஒரே மேசையில் அமர்ந்து பேசி மகிழும் இடத்தைச் சிந்தித்துத்தான் உருவாக்க வேண்டும்.