தலைக்கு மேல் வெயில்... மலைக்கு மேல் மழை!



எங்க ஊர் கணியூர். மடத்துக்குளத்துக்குப் பக்கம், அமராவதிக் கரையில் இருக்கிறது. ஆறு ஓடும் ஊர் என்றதும் குளுகுளுவென்று இருக்குமென்று நினைத்து விடாதீர்கள். சித்திரை வெயிலில் ஆற்று மணலில் செருப்பில்லாமல் நாலடி நடந்து பாருங்கள், தெரியும்!

இந்த வெயிலுக்குத் தப்பிக்க நம்ம பகுதிக்காரர்களுக்கு இருக்கும் வழி திருமூர்த்தி மலைதான். நம்மில் பாதிப்பேர் வீட்டில் அண்ணனோ அக்காவோ திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போகிறவர்கள். சனிக்கிழமை வாரச் சம்பளம், ஞாயிற்றுக்கிழமை லீவு. அந்த ஒரே நாளில் குழந்தை குட்டிகளோடு உடுமலை வந்து, பஸ் மாறி, அமணலிங்கேஸ்வரரைக் கும்பிட்டு, பஞ்சலிங்க அருவியில் குளித்துவிட்டுத் திரும்புவார்கள். நாமும் பரீட்சை முடிந்தால் ஓடுவது அங்கேதானே!

அப்படி ஓடியபோது நான் கற்றுக்கொண்ட ஒரு பாடத்தைத்தான் இங்கே எழுதுகிறேன். சிவில் பிரிவுக்கு மட்டுமல்ல, எல்லாப் பிரிவுக்கும் உரிய பாடம் இது.

மழையில்லாத ஊரில் அருவி எப்படி?

முதலில் ஒரு கேள்வி. உடுமலை, மடத்துக்குளம் பக்கம் மழை குறைவு. அப்புறம் அருவியில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

தென்மேற்குப் பருவக்காற்று அரபிக்கடலிலிருந்து ஈரத்தோடு வருகிறது. ஆனைமலைத் தொடர் அதைத் தடுத்து மேலே ஏற்றுகிறது. மேலே போகப் போகக் காற்று குளிர்ந்து, ஈரம் மழையாகக் கொட்டுகிறது. வால்பாறைக்கு மேலே உள்ள சின்னக்கல்லாறு தமிழ்நாட்டிலேயே அதிக மழை பெறும் இடங்களில் ஒன்று. மழையை அங்கே இறக்கி வைத்துவிட்ட காற்று நம்ம பக்கம் கீழே இறங்கும்போது, அழுத்தம் கூடிச் சூடாகிறது. நமக்கு மிஞ்சுவது வறண்ட காற்றுதான். உடுமலைச் சுற்று வட்டாரத்தில் காற்றாலைகள் சுற்றுவதற்குப் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று உதவுகிறது. ஆனால் அதில் மழை கம்மி! இதைத்தான் மழை மறைவுப் பகுதி என்கிறார்கள்.

உடுமலையிலிருந்து மூணாறு போகும் ரோட்டில் சின்னாறு சரணாலயம் இருக்கிறது. முள்மரமும் காய்ந்த புல்லும்தான் கண்ணுக்குத் தெரியும். அந்தக் காட்டுக்கு நடுவே பாம்பாற்றில் வெள்ளைத் துணி காயப்போட்டது போல் தூவானம் அருவி விழுகிறது. அந்தத் தண்ணீர் சின்னாற்று மழை மட்டுமல்ல. மேலே மறையூர், காந்தலூர் மலைகளில் பெய்த மழையும் சேர்ந்தது. பாம்பாறும் சின்னாறும் தேனாறும் சேர்ந்துதான் அமராவதி. எங்க ஊர் நெல்லுக்கும் கரும்புக்கும் பாயும் தண்ணீர் அதுதான்.

ஆக, வறண்ட நாட்டு அருவி என்பது வேறோர் இடத்து மழை. உச்சியில் உள்ள சோலைக்காடும் புல்வெளியும் மழையைப் பஞ்சு போல உறிஞ்சி வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக விடுகின்றன. அதனால்தான் கீழே வெயில் கொளுத்தும்போதும் அருவி ஓடுகிறது. இந்த ஒரு விஷயத்தில்தான் அழகும் இருக்கிறது, ஆபத்தும் இருக்கிறது.

எலுமிச்சம்பழமும் ஒரு கணக்கும்

இரண்டாம் ஆண்டுப் பரீட்சை முடிந்து, மே மாதம் ஒரு ஞாயிறு நாங்கள் ஆறு பேர் போனோம். அருவியில் குளித்துவிட்டு இறங்கி, கோயிலுக்குப் பக்கத்தில் ஓடையில் பாறை மேல் உட்கார்ந்திருந்தோம். புத்தகத்தில் படித்த மிதவை முறையைச் செய்து பார்ப்போமே என்று எனக்கு ஓர் ஆசை.

நேராக ஓடும் 10 மீட்டர் தூரத்தை டேப்பில் அளந்தோம். அகலம் 4 மீட்டர். சராசரி ஆழம் 0.3 மீட்டர். ஓர் எலுமிச்சம்பழத்தை விட்டோம். 20 விநாடியில் போய்ச் சேர்ந்தது. மேற்பரப்பு வேகம் விநாடிக்கு 0.5 மீட்டர். அடியில் வேகம் குறைவு என்பதால் 0.85-ஆல் பெருக்கினால் 0.425. பரப்பு 1.2 சதுர மீட்டர். அப்படியானால் ஓட்டம் விநாடிக்கு 0.51 கனமீட்டர், அதாவது 510 லிட்டர். "பாஸ் மார்க் வந்தாச்சுடா!" என்று கைதட்டிக் கொண்டோம்.

அப்போது கரையில் மாங்காய்ப் பத்தை விற்றுக் கொண்டிருந்த ஒரு பாட்டி எழுந்து வந்து சத்தம் போட்டார்.

"ஏஞ்சாமி, தண்ணி நெறம் மாறுது, கண்ணு தெரியலீங்களா? எந்திரிச்சுக் கரையேறுங்க!"

"மழையே இல்லீங்களே பாட்டி, வெயிலு மண்டையப் பொளக்குது" என்றேன் நான்.

"இங்க என்னத்தப் பாக்கறே கண்ணு? மேல பாரு!"

பார்த்தேன். எங்கள் தலைக்கு மேல் நீல வானம். மலை உச்சியிலோ கன்னங்கரேலென்று மேகம்! தண்ணீரில் செம்மண் கலங்கல். சருகும் குச்சியும் மிதந்து வந்தன. அதற்குள் கோயில் பக்கமிருந்து விசில் சத்தம். ஐந்து பேர் ஏறிவிட்டோம். ஒருவன் மட்டும் போட்டோ எடுக்க நின்றான். இரண்டு பேர் இறங்கி அவன் கையைப் பிடித்து இழுத்து வந்தோம். சில நிமிஷத்தில் நாங்கள் உட்கார்ந்திருந்த பாறையைக் காணோம். என் டேப்பும், அவன் செருப்பும் போயே போச்சு!

நான் ஐந்து மார்க்குக்கு எழுதிய பாடத்தை அந்தப் பாட்டி பள்ளிக்கூடம் போகாமலே படித்திருந்தார். இதை எழுத எனக்கு வெட்கமில்லை.

வெள்ளத்தின் கணக்கு

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். ஓர் உதாரணம்: மலை மேல் நீர்பிடிப்பு 5 சதுர கிலோமீட்டர், மழை மணிக்கு 40 மில்லிமீட்டர், அதில் பாதி வழிந்தோடுகிறது என்று வைத்துக் கொள்ளுங்கள். 0.5 × 40 × 5 ÷ 3.6 = 27.8 கனமீட்டர். நாங்கள் அளந்ததைப் போல 54 மடங்கு! ஒவ்வொரு விநாடியும் 12,000 லிட்டர் தண்ணி லாரி இரண்டைக் கவிழ்த்த மாதிரி.

வருவதற்கு எவ்வளவு நேரம்? 3 கிலோமீட்டர் மேலே பெய்த மழை விநாடிக்கு 3 மீட்டர் வேகத்தில் வந்தால் 17 நிமிஷம். ஒரு செட் புரோட்டா சாப்பிடும் நேரம்தான்!

நின்று சமாளிக்கலாமா? முழங்கால் அளவு, அரை மீட்டர் ஆழம். இரண்டு காலும் சேர்ந்து 0.3 மீட்டர் அகலம். தண்ணீர் விநாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் வந்தால் தள்ளும் விசை சுமார் 75 நியூட்டன், ஏழரைக் கிலோ எடைக்குச் சமம். வேகம் 2 மீட்டரானால் 30 கிலோ. 3 மீட்டரானால் கிட்டத்தட்ட 69 கிலோ. வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்கு. பாசிப் பாறையில் உராய்வுக் கெழு 0.3 என்றால் 60 கிலோ ஆளைப் பிடித்து நிறுத்துவது 18 கிலோ அளவு விசைதான். நீச்சல் தெரிந்தவன், தெரியாதவன் எல்லோரும் ஒன்றுதான்.

இது வெறும் காகிதக் கணக்கு இல்லை. 2008 மே மாதம் இதே திருமூர்த்தி மலையில் வந்த திடீர் வெள்ளத்தில், சுற்றுலா வந்தவர்கள் பலர் உயிரிழந்தார்கள். 2024 மே 17-ஆம் தேதி பழைய குற்றாலத்தில் வந்த வெள்ளத்தில் 17 வயது மாணவர் ஒருவர் போய்விட்டார். நம்ம வயசுதான், நண்பர்களே! இரண்டும் மே மாதம் என்பதைக் கவனியுங்கள். நமக்கு லீவு விடும் மாதமும், மலை மேல் கோடை இடிமழை பெய்யும் மாதமும் ஒன்றாக இருக்கிறது.

நாம் செய்ய வேண்டியவை

1. குளிக்கப் போகும் முன் தலைக்கு மேலே அல்ல, மலை உச்சியைப் பாருங்கள்.

2. தெளிந்த தண்ணீர் கலங்கினால், சருகு மிதந்து வந்தால், இரைச்சல் கூடினால் உடனே கரையேறுங்கள். சாமானை எடுக்கத் திரும்ப வேண்டாம்.

3. ஓடையோரமாகக் கீழ்நோக்கி ஓடக் கூடாது. பக்கவாட்டில் மேட்டுக்கு ஏறணும்.

4. விசில் ஊதினால் வாக்குவாதம் வேண்டாம். குளிக்கத் தடை போட்டிருந்தால் சாமி கும்பிட்டுவிட்டுத் திரும்புங்கள். அருவி எங்கேயும் போய்விடாது.

5. கூட வந்த தம்பி தங்கச்சிகளை எண்ணிக் கூட்டிப் போங்கள், எண்ணிக் கூட்டி வாருங்கள்.

கடைசியாக ஒன்று. நாளை நம்மில் சிலர் அணையிலும், சிலர் ரோட்டு வேலையிலும், சிலர் திருப்பூர்க் கம்பெனி மெஷின்களுக்கு நடுவிலும் நிற்கப் போகிறோம். சூத்திரம் நோட்டில் இருந்தால் மார்க் வரும். கண்ணில் இருந்தால்தான் உயிர் பிழைக்கும்!

அடுத்த ஞாயிறு திருமூர்த்தி மலைக்குப் போறீங்களா? சந்தோஷமாகப் போய் வாருங்கள். நானும் வருகிறேன். அந்தப் பாட்டியிடம் ஒரு பத்தை மாங்காய் வாங்கித் தின்றுவிட்டு, மேலே பார்த்துவிட்டு, அப்புறம் தண்ணீரில் இறங்குவோம்.

— இறுதியாண்டு மாணவன், சிவில் பிரிவு