பாலுக்குள்ள ஒளிஞ்சிருக்கிற பெப்டைடு

பால் புரதத்தில் சுமார் 80 சதவீதம் கேசீன். அதை ஒரு நீளமான மணிமாலைனு வச்சுக்கோங்க. ஒவ்வொரு மணியும் ஒரு அமினோ அமிலம். நம்ம குடல்ல இருக்கிற என்சைமோ, பாலைப் புளிக்க வைக்கிற பாக்டீரியாவோ மாலையை வெட்டினா சின்னச் சின்னத் துண்டுகள் விழும். அதுல சில துண்டுகளுக்கு மட்டும் உடம்புல தனி வேலை உண்டு. அதுதான் பயோஆக்டிவ் பெப்டைடு.

ரொம்பப் பிரபலமானது விபிபி, ஐபிபி. ரெண்டுலயும் மூணே மூணு மணிதான். ஜப்பானில் 1919 முதல் விற்பனையில் இருக்கிற கால்பிஸ் பானத்தோட நிறுவனம், லாக்டோபேசில்லஸ் ஹெல்வெட்டிகஸ் பாக்டீரியா போட்டுப் புளிக்க வைத்த பாலில் இருந்து 1990களில் இவற்றைப் பிரித்தெடுத்தது. ரத்தக்குழாயைச் சுருக்குற ஆஞ்சியோடென்சின் 2 உருவாக ஏசிஇ என்ற என்சைம் வேணும். இந்தப் பெப்டைடுகள் அந்த என்சைமைத் தடுக்கும். எனலாப்ரில் மாத்திரையும் இதே என்சைமைத்தான் தடுக்குது!

அப்போ அப்பாவோட பிரஷர் மாத்திரையை நிறுத்திட்டு மோர் கொடுக்கலாமா? தயவுசெய்து வேண்டாம். சோதனைக் குழாயில் என்சைமோட நேரடியா கலந்து பார்க்கிறோம். குடிச்சா, செரிமானத்தைத் தாண்டி ரத்தத்துக்குப் போறது ரொம்பக் கொஞ்சம். மனிதர்களிடம் நடந்த ஆய்வுகளும் ஒரே மாதிரி சொல்லலை: ஜப்பானில் சிலவற்றில் பிரஷர் குறைஞ்சது, ஐரோப்பாவில் சிலவற்றில் மாற்றமே இல்லை. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் இந்தப் பலன் நிரூபிக்கப்படலைனு சொல்லிடுச்சு. தவிர, வீட்டுக்கு வீடு உறைமோர் வேற, அதுல இருக்கிற பாக்டீரியாவும் வேற. எவ்வளவு பெப்டைடு வரும்னு யார் கணக்கு சொல்றது?

எனக்குப் பிடிச்சது இன்னொரு துண்டு: கேசீன் பாஸ்போபெப்டைடு. இது கால்சியத்தையும் பாஸ்பேட்டையும் படிய விடாம கரைசலிலேயே பிடிச்சு வச்சிருக்கும். மெல்போர்ன் பல்கலைக்கழக ஆராய்ச்சியில் இருந்து வந்த இந்த விஷயம், இப்போ பல்லில் தடவுற கிரீமிலும் சர்க்கரையில்லா சூயிங்கத்திலும் இருக்கு. பல் எனாமலில் இருந்து கரைஞ்ச தாதுவைத் திரும்பச் சேர்க்கத்தான். ரத்தத்துக்குள்ள போக வேண்டிய தொல்லையே இல்லை, வேலை வாயிலேயே முடிஞ்சுடும்.

உணவில் சேர்க்கும்போது பெரிய தலைவலி ருசி. புரதத்தை வெட்ட வெட்டக் கசப்பு ஏறும். உள்ளே மறைஞ்சிருந்த, தண்ணீரில் ஒட்டாத அமினோ அமிலங்கள் வெளியே வந்துடும். பால் அலர்ஜி உள்ள குழந்தைகளுக்கான, புரதத்தை நல்லா வெட்டிய பால்பவுடர் கசக்கிறது இதனாலதான். அந்தப் பல் கிரீமும் பாலில் இருந்து வந்ததுதான். பால் புரத அலர்ஜி இருந்தா அதைத் தொடவே வேண்டாம்.