அன்டோனின் ரேமண்டின் கட்டடக்கலையில் நிலமும் வாழ்வும்: ஒரு புலம்பெயர் கலைஞரின் பணி குறித்த ஆய்வு

ஆய்வுச்சுருக்கம்

பொகீமியாவில் பிறந்து அமெரிக்கக் குடிமகனாகி, வாழ்நாளின் பெரும்பகுதியை ஜப்பானில் கழித்தவர் கட்டடக்கலைஞரும் ஓவியருமான அன்டோனின் ரேமண்ட் (1888–1976). புதுச்சேரியில் அவர் வடிவமைத்த கோல்கொந்த் விடுதியையும், இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவில் அவர் உருவாக்கிய சோதனைக் குடியிருப்பையும் இக்கட்டுரை ஒப்பிடுகிறது. இரண்டுக்கும் அடிப்படை ஒன்றே. அது ஜப்பானிய வீட்டைப் பற்றி அவர் பெற்ற அறிவு. அவ்வறிவு எதற்குப் பயன்பட்டது என்பதும் அவரது கலையை மதிப்பிடுவதில் இடம்பெற வேண்டும் என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: புலம்பெயர்வு, கட்டடக்கலை, கோல்கொந்த், முதற்பொருள், உரிப்பொருள்.

முன்னுரை

புலம்பெயர் கலைஞரை இரு பண்பாடுகளை இணைக்கும் பாலமாகக் காண்பது ஆய்வுலகில் வழக்கமாகிவிட்டது. பாலம் எதைக் கடத்துகிறது என்ற வினா குறைவாகவே எழுப்பப்படுகிறது. ரேமண்டின் வாழ்வு அவ்வினாவைத் தவிர்க்க இயலாததாக்குகிறது. தமிழ் நிலத்தில் அவரது முதன்மையான படைப்புகளுள் ஒன்று நிற்பதால், தமிழாய்வாளர்கள் அவரை அறிந்துகொள்ளுதல் பொருத்தமுடையதாகும்.

ஓவியமும் புலம்பெயர்வும்

கிளாட்னோ நகரில் பிறந்த ரேமண்ட் 1910 இல் நியூயார்க்கை அடைந்தார். அங்கே காஸ் கில்பர்ட்டின் அலுவலகத்தில் சேர்ந்து, ஊல்வொர்த் கட்டடப் பணியில் பங்குகொண்டார். ஆயினும் அவர் மனம் ஓவியத்தை நாடியது. 1914 இல் ஓவியம் பயில இத்தாலி சென்றவரை முதல் உலகப் போர் திரும்ப வைத்தது. திரும்பும் கப்பலில் பிரான்சில் பிறந்த ஓவியர் நோயமி பெர்னெசினைச் சந்தித்து, அவ்வாண்டிலேயே மணந்தார். உள்வடிவமைப்பிலும் துணி, அறைக்கலன் வடிவமைப்பிலும் நோயமியின் பங்கு பெரிது. ரேமண்டின் பணி எனப்படுவது பெரும்பாலும் இருவர் பணியே எனலாம்.

1916 இல் ஃபிராங்க் லாயிட் ரைட்டிடம் சேர்ந்த அவர், டோக்கியோவின் இம்பீரியல் ஹோட்டல் பணிக்காக 1919 இல் ஜப்பான் சென்றார். ரைட்டின் அலங்காரம் ஜப்பானிய வாழ்வோடு ஒட்டவில்லை என்று கருதி விலகி, 1921 இல் தனி அலுவலகம் தொடங்கினார். உழவர் வீடுகளின் மரச்சட்டகமும், நகர்த்தும் தடுப்புகளும், தோட்டத்தோடு ஒன்றும் அறைகளும் அவரை ஈர்த்தன. அவர் கற்றது அலங்காரத்தை அன்று. தேவையற்றதை நீக்கும் ஒழுங்கை.

சிலி நாட்டுக்கென லெ கொர்பூசியே வரைந்து, கட்டப்படாமல் நின்ற ஒரு வீட்டின் அமைப்பை 1933 இல் கருயிசவாவில் தமது கோடைகால வீட்டுக்கு ரேமண்ட் எடுத்தாண்டார். கல்லுக்கென எண்ணப்பட்டது அங்கே மரமாயிற்று. லெ கொர்பூசியே முதலில் குறைகூறினாலும் பின்னர் இருவரும் இணக்கமாயினர். ஓரிடத்தின் கருத்தை வேறோரிடத்தின் பொருளில் மீண்டும் ஆக்குவதே அவரது முறை என்பதற்கு இது சான்றாகும். குனியோ மயேகவா, ஜுன்சோ யோஷிமுரா போன்ற பின்னாளைய முன்னோடிகள் அவரது அலுவலகத்தில் பயின்றோரே.

புதுச்சேரியில் கோல்கொந்த்

ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்தின் விடுதிக்கான இவ்வடிவமைப்பு 1930களின் இடைப்பகுதியில் உருவானது. ஐதராபாத் அரசிடமிருந்து கிடைத்த நன்கொடையை நினைவூட்டும் வகையில் கோல்கொண்டாவின் பெயர் இதற்கு இடப்பட்டது. 1937 இல் கட்டுமானம் தொடங்கியது. அலுவலகத்தைச் சேர்ந்த ஜார்ஜ் நகாஷிமாவும் ஃபிரான்டிஷெக் சாமரும் மேற்பார்வையிட்டனர். ரேமண்டும் 1938 இல் சில மாதங்கள் புதுச்சேரியில் தங்கினார்.

நிலமும் பொழுதும் முதற்பொருள் என்பது தொல்காப்பிய நெறி. செய்யுளுக்குரிய இவ்விலக்கணத்தை ஒப்பீட்டு அளவில் பயன்படுத்தினால் கோல்கொந்த் தெளிவாகப் புலப்படும். கட்டடத்தின் நீண்ட முகங்கள் வடக்கும் தெற்கும் நோக்குவதால் காலை, மாலை வெயிலின் தாக்கம் குறைகிறது. அம்முகங்களில் சுவருக்கு மாறாகக் கிடைமட்டக் கல்நார்ச் சிமெண்டுத் தகடுகள் வரிசையாக உள்ளன. அவற்றைத் திருப்பி ஒளியையும் காற்றையும் மழையையும் கட்டுப்படுத்தலாம். அறைக்கதவுகள் இடைவெளியோடு அமைந்த தேக்குப் பட்டைகளாலானவை. கதவு மூடியிருக்கும்போதும் காற்று செல்லும். கூரைத்தளத்தின் மேல் வளைவான கான்கிரீட் ஓடுகள் இடைவெளி விட்டு அமைக்கப்பட்டதால் வெப்பம் நேரே இறங்குவதில்லை. கடப்பைக் கல் தரையும் சிப்பிச் சுண்ணாம்புப் பூச்சும் இவ்வட்டாரக் கைவினையின் பங்களிப்புகள்.

இங்கு ஜப்பானிய வீட்டின் உருவம் எங்கும் இல்லை; அதன் நெறி எங்கும் உண்டு. அந்நெறி புதுச்சேரியின் வெயிலுக்கும் ஆசிரம வாழ்வின் அமைதிக்கும் ஏற்ப மறுபிறப்பு எடுத்தது.

யூட்டாவில் ஜப்பானியக் குடியிருப்பு

1938 இல் அமெரிக்கா திரும்பிய ரேமண்ட் பென்சில்வேனியாவின் நியூ ஹோப்பில் குடியேறினார். 1943 இல் அமெரிக்கப் படையின் தேவைக்காக, யூட்டா பாலைநிலத்தின் டக்வே சோதனைத் தளத்தில் ஜப்பானியத் தொழிலாளர் வீடுகளின் மாதிரிகளை வடிவமைத்தார். அங்கே ஜெர்மானியக் குடியிருப்பை வடிவமைத்தவர்களுள் ஒருவர், மற்றொரு புலம்பெயர் கட்டடக்கலைஞரான எரிக் மெண்டல்சோன். தரைப்பாய்களும் வீட்டுச் சாமான்களும்கூட மெய்யான வீட்டை ஒத்திருந்தன. தீக்குண்டுகள் வீசி, தீயை அணைத்து, மீண்டும் கட்டி, மீண்டும் எரித்தனர். அங்கே சோதிக்கப்பட்ட எம்-69 வகைக் குண்டுகளே 1945 மார்ச்சு 9–10 இரவில் டோக்கியோவில் பெருமளவில் வீசப்பட்டன. ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் மாண்டனர்.

அதே 1943 இல், ஜப்பானியப் பெற்றோருக்குப் பிறந்ததால் மினிடோகா முகாமில் குடும்பத்தோடு அடைக்கப்பட்டிருந்த நகாஷிமாவின் விடுதலைக்கு ரேமண்ட் பொறுப்பேற்று, அவரைத் தம் பண்ணைக்கு அழைத்துக்கொண்டார். கோல்கொந்தைக் கட்டிய நண்பரைக் காத்தவரும், தாம் நேசித்த வீட்டை எரிக்க உதவியவரும் ஒருவரே. போரை விரைவில் முடிக்கும் வழியாக அதைக் கருதியதாகப் பின்னர்த் தம் தன்வரலாற்றில் அவர் விளக்கினார். அவ்விளக்கத்தை ஏற்பதும் மறுப்பதும் வேறு. அதனால் இம்முரண் மறைந்துவிடுவதில்லை.

டக்வேயில் ஜப்பானிய வீட்டின் உருவம் நுணுக்கமாக இருந்தது. ஆனால் அது தன் நிலத்திலிருந்து பெயர்க்கப்பட்டது, குடியிருப்போர் அற்றது. முதற்பொருளும் உரிப்பொருளும் இன்றிக் கருப்பொருள் மட்டும் எஞ்சிய நிலை என இதனைக் கூறலாம்.

மீண்டும் ஜப்பான்

1948 இல் ரேமண்ட் ஜப்பான் திரும்பினார். டோக்கியோவின் ரீடர்ஸ் டைஜஸ்ட் கட்டடமும் (1951), தகாசாகியில் மக்களின் நன்கொடையும் சேர்ந்து எழுந்த குன்மா இசை மையமும் (1961) பிற்காலப் பணிகளில் சிறந்தவை. மடிப்புக் கான்கிரீட்டால் ஆன இசை மையத்தின் முன்கூடத்துச் சுவரோவியம் ரேமண்டின் ஓவிய நாட்டத்தைக் காட்டுகிறது. இப்பணிகளைக் கழுவாய் என்று கொள்ளச் சான்றில்லை. போருக்கு முன் தொடங்கிய பணியின் தொடர்ச்சி எனக் கொள்வதே தகும்.

முடிவுரை

புலம்பெயர் கலைஞர் பிற நிலத்தை ஆழ்ந்து அறிவது தன்னளவில் அறமாகிவிடாது என்பது இவ்வாய்வின் முடிவு. புதுச்சேரியில் அவ்வறிவு, வாழப்போகிறவரை முன்னிறுத்தியது; டக்வேயில் வாழ்கிறவரை நீக்கிவிட்டு வீட்டை மட்டும் வைத்துக்கொண்டது. கோல்கொந்தைப் போற்றும் ஆய்வு டக்வேயைப் பேசாது விடுவதும், டக்வேயைக் கண்டிக்கும் ஆய்வு கோல்கொந்தை மறப்பதும் ரேமண்டைப் பாதியாகவே காட்டும். கட்டடத்தை ஆராய்வோர் அதன் அமைப்போடு, அதனுள் யாருக்கு இடம் இருந்தது என்பதையும் சேர்த்தே நோக்குதல் வேண்டும்.