கியர் ஒயில்: மலைநாட்டு லொறிக்கும் வேனுக்கும் எது, எப்போது?

நமது வியாபாரிகள் எஞ்சின் ஒயில் மாற்ற வேண்டிய நாளை மறப்பதில்லை. டயர் தேய்ந்தால் உடனே கவனிப்பார்கள். ஆனால் கியர் பொக்ஸுக்குள் இருப்பது என்ன ஒயில், அது எப்போது ஊற்றப்பட்டது என்று கேட்டால் பெரும்பாலானோர் சாரதியின் முகத்தைப் பார்ப்பார்கள். சாரதி கராஜ் பாஸைக் கைகாட்டுவார். பாஸ் "போன முறை பார்த்தோமே நானா" என்பார். அத்துடன் விடயம் முடிந்துவிடும்.

நான் மெக்கானிக் அல்ல. நுவரெலியாவிலிருந்து மரக்கறி ஏற்றி இறக்குவதற்காக நெடுங்காலமாக லொறி வைத்திருக்கும் ஒரு வியாபாரி. வாகனத்தின் உரிமையாளர் தெரிந்துகொள்ள வேண்டிய அளவுக்கு இந்த விடயத்தைக் கற்றிருக்கிறேன். அதனை இவ்வாரம் பகிர்ந்துகொள்கிறேன்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்கு வழி திறந்தது. இடையில் ரூபாவின் பெறுமதி வீழ்ந்தது, வரிகளும் ஏறின. ஆகவே கையிலுள்ள பழைய லொறியையும் வேனையும் இன்னும் பல வருடங்கள் ஓட்டியே ஆகவேண்டிய நிலையில் நம்மில் பலர் இருக்கிறோம். கியர் பொக்ஸ் உடைந்தால் திருத்தும் செலவு மட்டுமல்ல நட்டம். லொறி கராஜில் நிற்கும் நாட்களில் கரட்டும் லீக்ஸும் அழுகும், வாடிக்கையாளர் வேறு ஆளைத் தேடுவார், லீசிங் தவணை மட்டும் நிற்காது.

மலைப்பாதை ஏன் வேறு?

நுவரெலியா நகரம் கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் உள்ளது. அவிசாவளையிலிருந்து கினிகத்தேனை, ஹட்டன், தலவாக்கலை வழியாக வரும் ஏ-7 வீதியிலும், பேராதனையிலிருந்து புசல்லாவை, றம்பொடை வழியாக வரும் ஏ-5 வீதியிலும் சாரதி ஓயாமல் கியர் மாற்றிக்கொண்டே வரவேண்டும். பாரத்தோடு தாழ்ந்த கியரில் ஏறும்போது பற்சக்கரங்கள் மீது அழுத்தம் கூடுகிறது, ஒயில் சூடேறுகிறது. வேகம் குறைவாதலால் குளிர்விக்கும் காற்றும் குறைவு.

இறக்கத்திலும் கியர் பொக்ஸுக்கு ஓய்வில்லை. அங்கே வாகனத்தைப் பிடித்து வைப்பது தாழ்ந்த கியரும் எஞ்சினும்தான். கியர் தானாகக் கழன்றால், அல்லது இறங்கும்போது தாழ்ந்த கியருக்குள் விழ மறுத்தால், முழுப் பாரமும் பிரேக்கின் மேல் வரும். பிரேக் அளவுக்கு மீறிச் சூடானால் பிடிக்காது. 2023 ஜனவரி 20ஆம் திகதி நானுஓயா ரதெல்ல வீதியில் மாணவர்களை ஏற்றிவந்த பஸ், வேனுடனும் முச்சக்கர வண்டியுடனும் மோதியதில் 7 பேர் உயிரிழந்தனர். அந்த விபத்தைக் கியர் ஒயிலுடன் தொடர்புபடுத்த நான் வரவில்லை. செங்குத்தான இறக்கத்தில் கனரக வாகனம் ஒன்று கட்டுப்பாட்டை இழந்தால் என்ன நேரும் என்பதை நினைவூட்டவே சொல்கிறேன். கியர் பொக்ஸ் பணத்தோடு மட்டும் சம்பந்தப்பட்டதல்ல.

கையால் மாற்றும் கியர்

நமது லொறிகளில் பெரும்பாலானவை இந்த வகையே. ஒயில் கானில் இரண்டு குறியீடுகளைப் பார்க்க வேண்டும்.

முதலாவது, தடிப்பைக் காட்டும் 80டபிள்யூ-90, 75டபிள்யூ-90 போன்ற இலக்கங்கள். 'டபிள்யூ'வுக்கு முன்னால் இருப்பது குளிரில் ஒயில் எப்படி ஓடும் என்பதையும், பின்னால் இருப்பது சூட்டில் எவ்வளவு தடிப்பாக இருக்கும் என்பதையும் சொல்கிறது. தேயிலைச் செடிமேல் உறைபனி படியும் ஜனவரி, பெப்ரவரி அதிகாலைகளில் தடித்த ஒயில் உள்ள கியர் பொக்ஸ் மாற்றுவதற்கு இறுக்கமாக இருக்கும். அப்போது சாரதி பலவந்தமாகத் தள்ளுவார். தேய்மானம் அங்கே தொடங்குகிறது.

இங்கு ஒரு தவறான எண்ணத்தையும் திருத்திக்கொள்ள வேண்டும். கியர் ஒயிலின் 90 என்பது எஞ்சின் ஒயிலின் 40ஐ விட இரண்டு மடங்கு தடிப்பு அல்ல. இரண்டும் வெவ்வேறு அளவுகோல்கள். கியர் ஒயில் 90, ஏறத்தாழ எஞ்சின் ஒயில் 40, 50க்குச் சமமானது. சில ஜப்பான் லொறிகளின் கியர் பொக்ஸுக்கு எஞ்சின் ஒயிலையே ஊற்றும்படி கையேடு சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

இரண்டாவது, ஜீ.எல்-4, ஜீ.எல்-5 என்ற தரக் குறியீடு. '5 என்றால் 4ஐ விட உயர்ந்தது' என்று கடைகளில் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். இது பிழை. ஜீ.எல்-5இல் கடும் அழுத்தத்தைத் தாங்கும் கந்தகம் சேர்ந்த இரசாயனங்கள் அதிகம். பின் டிபரன்ஷலுக்கு அது அவசியம். ஆனால் கியர் பொக்ஸுக்குள் சிங்க்ரோ வளையங்கள் உள்ளன. பல வாகனங்களில் அவை பித்தளை போன்ற மஞ்சள் உலோகத்தால் ஆனவை. அவை பற்சக்கரத்தைப் பிடித்து வேகத்தைச் சமப்படுத்த ஓரளவு உராய்வு தேவை. பொருந்தாத ஜீ.எல்-5 ஊற்றினால் வளையம் வழுக்கும், கியர் மாற்றும்போது 'கர்ர்' என்று சத்தமிடும், சில இரசாயனங்கள் காலப்போக்கில் மஞ்சள் உலோகத்தை அரிக்கவும் செய்யும். எனவே கையேடு ஜீ.எல்-4 என்றால் ஜீ.எல்-4 மட்டுமே. டிபரன்ஷலுக்கு வாங்கியதில் மீதியைக் கியர் பொக்ஸில் ஊற்றும் பழக்கத்தை நிறுத்துங்கள்.

ஓட்டோ கியர்

சுற்றுலாப் பயணிகளை ஏற்றும் வேன்களில் ஓட்டோ கியர் அதிகம். இதில் ஒயிலின் வேலை உராய்வைக் குறைப்பது மட்டுமல்ல. எஞ்சினின் சக்தியைக் கடத்துவதும், கிளச் தட்டுகளை அழுத்திப் பிடிப்பதும் அதுவே. டெக்ஸ்ரோன், மெர்கோன் என்று பல தரங்கள் உள்ளன. டொயோட்டாவில் மாத்திரம் பழைய மாடல்களுக்கு ரி-4, பின்னர் வந்தவற்றுக்கு டபிள்யூ.எஸ். என வேறுபடும். சீ.வி.ரி. கியருக்கு அதற்கென்றே தனி ஒயில் உண்டு. சாதாரண ஓட்டோ கியர் ஒயிலை அதில் ஊற்றினால் உள்ளிருக்கும் பெல்ட் வழுக்கி, முழுத் தொகுதியுமே பழுதாகும். நிறம் சிவப்பாக இருப்பதை வைத்து 'எல்லாம் ஒன்றுதான்' என்று முடிவு செய்யக் கூடாது.

ஓட்டோ கியருக்குச் சூடே முதல் எதிரி. ஒயிலின் சூடு சுமார் 80 பாகை செல்சியஸைத் தாண்டியபின் ஒவ்வொரு 10, 11 பாகைக்கும் அதன் ஆயுள் பாதியாகக் குறையும் என்பது தொழிலில் உள்ளோர் வைத்திருக்கும் பொதுக் கணக்கு. அமெரிக்காவில் கட்டில், அடுப்பு சகிதம் வீடு போல ஓடும் பெரிய மோட்டார் வாகனங்களிலும் லொறிகளிலும் பொருத்தப்படும் அலிசன் கியர் பொக்ஸுக்கு, அந்நிறுவனம் தனக்கென்றே ஒயில் தரங்களை வகுத்து, எந்த ஒயிலுக்கு எவ்வளவு தூரம் என்று அட்டவணையே வைத்திருக்கிறது. பாரமும் மலையும் சேர்ந்தால் ஒயில் சீக்கிரம் கெடும் என்பது அங்கும் இங்கும் ஒன்றுதான்.

எப்போது மாற்றுவது?

கையேட்டில் பெரும்பாலும் இரண்டு கணக்குகள் இருக்கும். ஒன்று சாதாரண பாவனைக்கு, மற்றது கடும் பாவனைக்கு. மலைப்பாதை, அதிக பாரம், அடிக்கடி நிறுத்தி எடுத்தல் ஆகியவை கடும் பாவனையில் அடங்கும். தோட்டத்தில் கொழுந்து ஏற்றும் லொறிக்கு இம்மூன்றும் பொருந்தும். ஆகவே நாம் பார்க்க வேண்டியது இரண்டாவது கணக்கையே. கையேட்டில் அது இல்லையென்றால், சாதாரண தூரத்தின் பாதியில் மாற்றுவது பாதுகாப்பானது. கையேடு இல்லாத பழைய வாகனமாயின் மாடல் இலக்கத்தையும் கியர் பொக்ஸ் இலக்கத்தையும் கொடுத்து முகவரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

மாற்றும்போது கவனிக்க வேண்டியவை:

1. சிறிது தூரம் ஓடி ஒயில் சூடான பின்னரே வடிக்க வேண்டும். அப்போதுதான் அழுக்கும் சேர்ந்து வெளியேறும்.

2. வாகனத்தைச் சமதரையில் நிறுத்துங்கள். மேட்டில் நின்றால் அளவு பிழைக்கும்.

3. கையால் மாற்றும் கியர் பொக்ஸில், வடிக்கும் நட்டுக்கு முன் ஊற்றும் நட்டைக் கழற்றுங்கள். ஒயிலை வடித்தபின் மேல் நட்டு கழராவிட்டால் வாகனம் அங்கேயே நிற்கும்.

4. வடிக்கும் நட்டின் காந்தத்தைப் பாருங்கள். மெல்லிய கறுப்புப் பசை சாதாரணம். உலோகத் துண்டுகள் இருந்தால் பற்சக்கரம் உடைகிறது.

5. வடிந்த ஒயில் பால் போல் வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்துள்ளது. மழை அதிகமான கினிகத்தேனை, வட்டவளைப் பக்கம் ஓடும் வாகனங்களில் இதைக் கட்டாயம் பாருங்கள். சேற்றால் அடைபடும் மூச்சுத் துளையையும் சுத்தம் செய்ய வேண்டும். அது அடைபட்டால் சீல் வழியாக ஒயில் கசியும்.

6. ஓட்டோ கியரில் ஒருமுறை வடித்தால் எல்லா ஒயிலும் வராது. ஒரு பகுதி டோர்க் கன்வேர்டரில் தங்கிவிடும். எனவே குறுகிய இடைவெளியில் மீண்டும் ஒருமுறை வடித்து ஊற்றுவது நல்லது. ஒயில் கருகிய மணத்துடன் இருந்தால் ஒயில் மாற்றுவது மட்டும் போதாது, உட்பகுதியைப் பரிசோதிக்க வேண்டும்.

வடித்த ஒயிலை ஓடையில் ஊற்றாதீர்கள். ஹட்டன் பக்கத்து ஓடைகள் காசல்ரீ, மவுசாகலை நீர்த்தேக்கங்களுக்கும், தலவாக்கலைப் பக்கத்தவை மகாவலிக்கும் போகின்றன. கீழே உள்ளவர்கள் பாவிக்கும் தண்ணீர் அது.

வாங்கும்போது

மலிவான போலி ஒயிலைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம், ஆனால் பற்றுச்சீட்டு கேட்க வெட்கப்படுகிறோம். மூடி முத்திரை உடையாத கானையே, முகவரிடமோ நன்கறிந்த கடையிலோ வாங்குங்கள். கராஜ் கொண்டுவந்து ஊற்றுவதை விட நீங்களே வாங்கிக் கொடுத்து, உங்கள் கண்முன்னால் ஊற்றச் சொல்லுங்கள். காலிக் கானைத் துளையிட்டு வீசினால் வேறொருவர் அதில் கண்டதை நிரப்பி விற்க முடியாது. ஏமாற்றப்பட்டால் நுகர்வோர் விவகார அதிகாரசபையின் 1977 இலக்கத்திற்கு முறையிடலாம். அதற்கும் பற்றுச்சீட்டு வேண்டும்.

கடையில் கடன் கொப்பி வைக்காத வியாபாரி நம்மில் இல்லை. அதேபோல் ஒவ்வொரு வாகனத்திற்கும் ஒரு கொப்பி போடுங்கள். திகதி, ஓடிய கிலோமீற்றர், ஊற்றிய ஒயிலின் பெயர், குறியீடு, லீற்றர், அடுத்து மாற்ற வேண்டிய கிலோமீற்றர் ஆகிய ஆறையும் எழுதுங்கள். சாரதி மாறினாலும் கராஜ் மாறினாலும் அந்தக் கணக்கு உங்களிடமே இருக்கும். வாகனத்தை விற்கும் நாளில் வாங்குபவருக்குக் காட்டவும் அது உதவும்.