ஒரு பொறியும் பல பணிகளும்

கணிப்பொறியின் முன் அமர்ந்த ஒருவர் பாட்டுக் கேட்கின்றார், கடிதம் எழுதுகின்றார், இடையே செய்தியும் படிக்கின்றார். செயலி ஒன்றே உடைய பொறியிலும் இவை யாவும் ஒருங்கே நிகழ்வனபோல் தோன்றும். இஃது எங்ஙனம் இயலும்?

உண்மையில் அச்செயலி ஒரு கணத்தில் ஒரு பணியையே ஆற்றுகின்றது. பணிகளை முறைப்படுத்துவது, இயக்கமுறைமையின் நடுநாயகமாகிய கெர்னல் என்னும் நிரல். பொறியினுள் அமைந்த கடிகாரம் இடையிடையே குறுக்கிட்டுக் கெர்னலை எழுப்பும். கெர்னல், நடந்த பணி எவ்விடத்தில் நின்றது, செயலியின் பதிவகங்களில் எவ்வெண்கள் இருந்தன என்பவற்றைக் குறித்து வைக்கும். முன்னர் நிறுத்திய வேறொரு பணியின் குறிப்பை எடுத்துப் பதிவகங்களில் நிரப்பி, விட்ட இடத்திலிருந்து அதனைத் தொடரச் செய்யும். இதுவே சூழல் மாற்றம். எண்வகை வினாக்களையும் மாறிமாறி ஏற்கும் அவதானியார், ஒவ்வொன்றும் நின்ற நிலையை நெஞ்சிற் குறித்துக்கொள்வதை இஃது ஒக்கும். 1961-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டு மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில், கோர்பட்டோ என்னும் அறிஞரும் அவர்தம் குழுவினரும், பலர் ஒரு பொறியைப் பங்கிட்டுக்கொள்ளும் முறையைச் செய்து காட்டினர்.

பல பணிகள் ஒரே நினைவகத்தில் குடியிருப்பின், ஒன்றன் செய்தியை மற்றொன்று அழித்துவிடாதோ? இதனைத் தடுப்பது நினைவகப் பொருத்தம். இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில், டாம் கில்பர்ன் குழுவினர் உருவாக்கிய அட்லஸ் என்னும் பொறி 1962-இல் தொடங்கி வைக்கப்பெற்றது. அதன் நினைவகம், 512 சொற்கள் கொண்ட பக்கங்களாகப் பகுக்கப்பட்டிருந்தது. நிரல் கூறும் முகவரி வேறு. செய்தி உண்மையில் உறையும் இடம் வேறு. இரண்டனையும் பொறியே இணைத்தது. இன்றைய இயக்கமுறைமைகளில் பணிதோறும் தனித்தனிப் பக்க அட்டவணை உண்டு. பணி மாறுங்கால் அட்டவணையும் மாறும். ஆதலின், இரு பணிகள் ஒரே முகவரியைக் கூறினும் அவை வெவ்வேறு இடங்களையே அடையும்.

கெர்னலை அழைக்குந்தோறும் அட்டவணையை மாற்றின் காலம் வீணாகும். எனவே, கெர்னலின் நினைவகத்தையும் ஒவ்வொரு பணியின் அட்டவணையிலேயே சேர்த்து, பிறர் படிக்கலாகாது என்னும் தடைக்குறி ஒன்றை இட்டு வைத்தனர். அத்தடை போதாது என்பது 2018-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் உலகறிய வெளிப்பட்டது. விரைவை நாடிய செயலிகள் பல, தடைக்குறியை ஆராய்ந்து முடிக்கு முன்னரே செய்தியை எடுத்துக் கையாண்டன. பின்னர் அதனைக் கைவிட்டபோதிலும், விரைவு நினைவகத்தில் சுவடு எஞ்சியது. அச்சுவட்டைக் கொண்டு கெர்னலின் மறைபொருளை அயல் நிரலும் அறியக்கூடும். மெல்ட்டவுன் எனப் பெயர் பெற்றது இக்குறையே.

இதற்குக் கண்ட மாற்று யாது? பணி நடக்கும்போது கெர்னலின் பக்கங்களுள் இன்றியமையாத சிலவற்றை மட்டும் விட்டு, ஏனையவற்றை அதன் அட்டவணையினின்றும் நீக்கினர். அதனால், கெர்னலை அழைக்குந்தோறும் அட்டவணை மாறவேண்டியதாயிற்று. பொறியின் விரைவும் ஓரளவு குறைந்தது. ஆயினும், காவலின் பொருட்டு அவ்விழப்பை ஏற்றனர். பின்னர் வந்த செயலிகளில் இக்குறை பொறியமைப்பிலேயே களையப்பட்டது.

விரைந்து செய்தல் நன்று. காத்துச் செய்தல் அதனினும் நன்று. பலர்க்கும் பொதுவாகிய ஒரு பொருளை ஆள்வோர், ஒருவர் உடைமை பிறர் கைப்படாது காத்தலையே முதற்கடனாகக் கொள்ளல் வேண்டும்.