போன் ஏன் போகவில்லை?

மும்பை தாராவியில் தமிழர்கள் நிறையப் பேர் வாழ்கிறார்கள். அங்கே ஓர் அம்மா இட்லி விற்கிறார். மகள் ஊரில் இருக்கிறாள். நிறைமாதம். நேற்று மாலையிலிருந்து மகளின் போன் வரவில்லை. அம்மா போட்டாலும் போகவில்லை. தவித்துப் போனார்.

பக்கத்து வீட்டுப் பையன் வந்தான்.

"அத்தை, மேலே பாருங்க. கோடு இருக்கா?"

கோடு இல்லை. குட்டி விமானப் படம் இருந்தது. பேரன் விளையாடியபோது கை பட்டிருக்கும். அந்தப் படம் இருந்தால் போனுக்கு டவர் கிடைக்காது. பையன் அதை அணைத்தான். கோடுகள் வந்தன. உடனே போன் போனது. மகள் நலம்.

கோடு இருந்தும் பேச முடியவில்லையா? ரீசார்ஜ் நாள் முடிந்ததா என்று பாருங்கள். கோடே வரவில்லையா? போனை அணையுங்கள். சிம் கார்டைக் கழற்றி, உலர்ந்த துணியால் துடைத்து மாட்டுங்கள்.

அம்மா இப்போது தமிழில் மெசேஜும் எழுதுகிறார். ஒருநாள் மெசேஜ் போகவில்லை. எண்ணில் 6க்குப் பதில் 9 போட்டிருந்தார். சரி செய்து அனுப்பினார். ஒரு மெசேஜுக்கு இரண்டு மெசேஜ் காசு போனது! ஏன்?

ஆங்கிலத்தில் எழுதினால் ஒரு மெசேஜில் 160 எழுத்து அடங்கும். தமிழில் 70தான். அதிலும் 'கு' நமக்கு ஓர் எழுத்து. போனுக்கு இரண்டு. 'க' ஒன்று, கொக்கி ஒன்று. 70 தாண்டினால் போன் அதை இரண்டாக வெட்டி அனுப்பும். இரண்டுக்கும் காசு. காசு போதாவிட்டால் மெசேஜ் நின்றுவிடும்.

எதுவும் சரியாகவில்லையா? 198க்குப் பேசுங்கள். புகார் சொல்ல அந்த எண். காசு இல்லை. ஆபத்து நேரத்தில் 112. ரீசார்ஜ் தீர்ந்தாலும் அது போகும்.